ஜிக் வாங்கினா ஆசாரி ஆயிடலாமா?

ஒரே ஒரு மேசை டிராயர் செய்ய டவ்டெயில் ஜிக் வாங்கலாமான்னு கேக்குறவங்களுக்கு என் பதில்: வேணாம் சாமி!

ஜிக்கை மாட்டினா மூட்டு தானா வந்துடும்ங்கிறது சுத்தப் பேத்தல். ரூட்டர் பிட் ஆழம் துளி குறைஞ்சா மூட்டு லொடலொட. கூடினா சுத்தியலால தட்டினாலும் ஏறாது. அதைச் சரிபண்ணவே நாலஞ்சு துண்டுப் பலகை காலி (நான் ஏழு!). அதோட, வழக்கமான அரை இஞ்ச் டெம்ப்ளேட்ல விரல் இடைவெளி 7/8 இஞ்ச்தான். ஓரத்துப் பல் பாதியில அறுபட்டு நிக்கக்கூடாதுன்னா டிராயர் உயரத்தையே மாத்தணும். பெட்டிக்கு ஜிக்கா, ஜிக்குக்குப் பெட்டியா?

இருபது டிராயர்னா தாராளமா வாங்குங்க. ஒண்ணு ரெண்டுக்கு நல்ல ரம்பம், கூரான உளி, மென்மரத்துக்கு 1:6 சரிவுல பென்சில் கோடு போதும். முதல் மூட்டு அசிங்கமாத்தான் இருக்கும். இருக்கட்டுமே, இழுத்தா பிரியாது.