பனியில் பாய்ந்த போர் வண்டிகள்
பொம்மை செய்யும் பிள்ளையைத் திட்டலாமா?

பையன் அட்டையையும் பசையையும் எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால் போதும். "படிக்கிற நேரத்தில் பொம்மை என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்று வீட்டில் அதட்டல் கிளம்பும்.

அந்த அதட்டல் நியாயமா? என்னைக் கேட்டால், நியாயம் இல்லை என்றுதான் சொல்வேன். ஏன் என்பதை, பனி நாடுகளில் ஓடிய சில விசித்திரமான ராணுவ வண்டிகளை வைத்தே சொல்கிறேன்.

சக்கரம் இல்லாத வண்டி

பனி குவிந்து கிடக்கும் இடத்தில் சாதாரண மோட்டார் வண்டி ஓடாது. சக்கரம் புதைந்துவிடும். ரஷியர்கள் இதற்கு ஒரு யுக்தி செய்தார்கள்.

படகு போன்ற ஒரு கூண்டு. அதன் அடியில் சக்கரத்துக்குப் பதிலாக நீளமான சறுக்குக் கட்டைகள். பின்புறம், விமானத்தில் இருப்பது போன்ற ஒரு பெரிய காற்றாடி. காற்றாடி சுழன்று காற்றைப் பின்னால் தள்ளும். வண்டி முன்னால் வழுக்கிக்கொண்டு பாயும். இதற்கு "ஏரோசானி" என்று பெயர். பிற்காலத்தில் ஹெலிகாப்டர் செய்து உலகப் புகழ் பெற்ற இகோர் சிகோர்ஸ்கியும் வாலிப வயதில் இத்தகைய வண்டி செய்தவர்தான்.

இரண்டாவது உலகப் போரில் ரஷிய ராணுவம் ஏரோசானிகளைக் களத்தில் இறக்கியது. அவற்றில் ஒன்று "என்.கே.எல்.-26". அதில் 2 பேர் போகலாம். ஒரு இயந்திரத் துப்பாக்கி உண்டு. முன்பக்கம் மட்டும் இரும்புத் தகடு. மற்ற பக்கமெல்லாம் வெறும் ஒட்டுப்பலகை!

சுற்றிலும் இரும்பு வைத்தால் என்ன? பாரம் ஏறிவிடும். பாரம் ஏறினால் வண்டி நகராது. உறைந்த ஏரியின் மேல் வேகமாகப் பாய்ந்த இந்த வண்டி, மேட்டில் ஏறத் திணறியது.

பரம்புப் பலகை ரகசியம்

இன்னொரு வண்டி அமெரிக்காவில் பிறந்தது. அதன் பெயர் "வீசல்". கீரிப்பிள்ளையைப் போன்ற ஒரு சிறு பிராணியின் பெயர் அது.

பனியில் ஓடும் வண்டிகளில் வீரர்களை அனுப்பி, ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த நார்வே நாட்டின் மின்சார நிலையங்களைத் தாக்க வேண்டும் என்று பிரிட்டனைச் சேர்ந்த ஜெஃப்ரி பைக் யோசனை சொன்னார். அதற்காக ஸ்டூட்பேக்கர் என்ற மோட்டார் கம்பெனி செய்ததுதான் வீசல். ஆனால் 1942-ம் ஆண்டிலேயே அந்தத் தாக்குதல் திட்டம் கைவிடப்பட்டது. வண்டி மட்டும் நிலைத்தது. 15,000-க்கு மேல் செய்தார்கள்.

வயலில் பரம்படிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பலகையின் மேல் ஆள் ஏறி நின்றாலும் பலகை சேற்றில் புதைவதில்லை. பாரம் பரவிவிடுகிறது அல்லவா? வீசலும் அப்படித்தான். வண்டியின் எடை சுமார் 1,700 கிலோ. ஆனால் அது அகலமான சங்கிலிப் பட்டைகளின் மேல் ஓடியது. அதனால் ஒரு சதுர அங்குல இடத்தில் விழுந்த பாரம் ஒரு கிலோவைவிடக் குறைவு. நடந்து போகும் மனிதனின் பாதம் இதைவிட அதிகமாக அழுத்தும்!

பனிக்காகப் பிறந்த அந்த வண்டி, இத்தாலியில் சேற்றிலும் ஓடியது. 1944-ம் ஆண்டில் ஹாலந்தில் வெள்ளம் சூழ்ந்த பகுதியிலும் ஓடியது. போர் முடிந்த பிறகு பிரெஞ்சு விஞ்ஞானிகளைக் கிரீன்லாந்துப் பனிப் பாலைவனத்துக்கு ஏற்றிச் சென்றது.

தடுத்த தகப்பன், உதவிய தகப்பன்

இனி கனடாவுக்குப் போவோம். அங்கே வால்கோர்ட் என்ற ஊரில் ஜோசப்-அர்மான் பம்பார்டியர் என்ற சிறுவன் இருந்தான். கடிகாரத்தின் உள்ளுறுப்புகளை வைத்து ஓடும் பொம்மைகள் செய்வான். 1922-ம் ஆண்டு, 15 வயதில், பழைய ஃபோர்டு எஞ்சினைச் சறுக்கு வண்டியில் பூட்டி, பின்னால் காற்றாடி மாட்டித் தெருவில் ஓட்டிவிட்டான்!

தகப்பனார் பதறினார். மூடி இல்லாத காற்றாடி யார் தலையையாவது சீவிவிட்டால் என்ன ஆவது? வண்டியைப் பிரித்துப் போடச் சொன்னார். அது சரிதான். ஆனால் பையனின் ஆசையை அவர் முறித்துவிடவில்லை. பின்னர் அவன் ஊரில் மோட்டார் பட்டறை வைக்க அவரே உதவி செய்தார்.

1934-ம் ஆண்டு குளிர்காலத்தில் பம்பார்டியரின் 2 வயது மகனுக்குக் குடல்வால் நோய் கண்டது. சாலையெல்லாம் பனி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழி இல்லை. குழந்தை இறந்துவிட்டது.

பனி வண்டி செய்யும் முயற்சியை பம்பார்டியர் விடவே இல்லை. 1937-ம் ஆண்டில் தம் சங்கிலிப் பட்டை முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய வண்டிகள் நோயாளிகளையும், தபால் மூட்டைகளையும், பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் பனியில் சுமந்தன. போர்க்காலத்தில் ராணுவத்துக்கும் வண்டி செய்து கொடுத்தார்.

கையால் செய்தால் புரியும்

இந்த வண்டிகளைச் சிறிய அளவில் செய்து பார்ப்பவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். 35-ல் ஒரு பங்கு என்பது அவர்களுக்குப் பழகிய அளவு. இந்தக் கணக்கு எப்படி வந்தது தெரியுமா? 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா கம்பெனி ஒரு பொம்மை டாங்கி செய்தது. உள்ளே பாட்டரிகள் அடங்க வேண்டும் என்பதற்காக ஒரு அளவு வைத்தார்கள். அளந்து பார்த்தால் நிஜ டாங்கியில் 35-ல் ஒரு பங்கு! அதையே மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

வீசலின் நீளம் 3.2 மீட்டர். 35-ல் ஒரு பங்கு எவ்வளவு? சுமார் 9 சென்டிமீட்டர். இதைப் பையன் கணக்குப் போட்டு, அளந்து, வெட்டி, ஒட்ட வேண்டும். பட்டை ஏன் அகலம், கூண்டு ஏன் இலேசு என்பது அவன் விரலுக்கே புரியும். புத்தகத்தில் பத்துத் தடவை படித்தாலும் இவ்வளவு தெளிவு வராது.

"போர் வண்டியைப் பிள்ளைகள் செய்யலாமா?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. செய்யட்டும் என்பதே என் கட்சி. ஏரோசானியின் பக்கச் சுவரை வெட்டும்போது, அது எவ்வளவு மெல்லியது என்று அவன் பார்ப்பான். அந்தப் பலகைக்குப் பின்னால் 2 மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை அவனுக்குச் சொல்லுங்கள். போர் என்றால் என்ன என்று அவனே யோசிப்பான். பம்பார்டியரின் குழந்தையைப் பற்றியும் சொல்லுங்கள். வண்டி எதற்காக ஓட வேண்டும் என்பதும் விளங்கும்.

விலை உயர்ந்த பெட்டி வாங்கித் தர வேண்டாம். பழைய அட்டை, தீப்பெட்டி, ஈர்க்குச்சி, கொஞ்சம் பசை போதும். கத்தியைக் கையில் எடுக்கும்போது மட்டும் பெரியவர்கள் பக்கத்தில் இருங்கள். அபாயத்தைத் தடுப்பது பெற்றோரின் கடமை. ஆர்வத்தைத் தடுப்பது கடமை ஆகாது.