மலைக்குக் காவல் இருக்கிறது, வரத்துக்காலுக்கு?

ஐப்பசி பிறந்தால் ராஜபாளையத்தில் ஒரே பேச்சுதான்: "ஆத்துல தண்ணி வந்துருச்சா?" அய்யனார் கோயில் பள்ளத்தாக்கிலிருந்து இறங்கும் தண்ணீரைத்தான் கேட்கிறோம். ஆறாவது மைல் நீர்த்தேக்கம் நிரம்பினால் ஊர் குடிக்கும். முடங்கியாற்றுப் பக்கம் தென்னை வைத்திருக்கும் எனக்கோ கிணறு ஊற வேண்டும்.

தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கு மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நமக்குத் தெற்கே சிவகிரி மலையில் பிறக்கும் பெரியாறுகூட கேரளத்துக்குத்தான் ஓடுகிறது. 1895இல் முல்லைப் பெரியாறு அணை வந்து, அதில் ஒரு பங்கு சுரங்கம் வழியாக வைகைக்குத் திரும்பியது. தேனியும் மதுரையும் பிழைத்தன. விருதுநகர்ச் சீமைக்கு அந்த யோகம் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் சில வாரம் பாயும் காட்டாற்று வெள்ளம்தான் நம் சொத்து. செண்பகத்தோப்பு, அய்யனார் கோயில், பிளவக்கல் என்று மலை மடிப்புகள் அதைச் சேர்த்துக் கொடுக்கின்றன. வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்குப் போனது போக மிச்சம் வைப்பாற்றுக்கு.

மலைக்குக் காவல் உண்டு. 1988இல் சாம்பல் நிற அணிலுக்குச் சரணாலயம், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். அந்த அணில் மரத்துக்கு மரம் தாவியே பிழைப்பது. ஓடைக்கரை மரங்கள் கிளை கோத்து நின்றால்தான் அதற்கு வழி. அதற்காக நிற்கும் மரம் நமக்கும் தண்ணீர் காக்கிறது. நல்ல காரியம்தான்.

ஆனால் வனத்துறை சோதனைச்சாவடிக்குக் கீழே? என் தோப்புக்கு மேலே இருக்கும் வரத்துக்காலில் முன்பு இரண்டு மாட்டுவண்டி எதிரெதிரே போகலாம். இன்று ஒன்றே நுழையாது. பாதியைச் சீமைக்கருவேலம் பிடித்தது, மீதியில் கட்டட இடிபாடு. ஓர் அலுவலகத்தில் கேட்டால் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டுகிறார்கள். எங்கள் தோப்புக்காரர்களும் யோக்கியமில்லை. வேலி நடும்போது ஒரு முழம் தள்ளி நடாதவர் யார்?

மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு தாமிரபரணியிலிருந்து குழாயில் தண்ணீர் வாங்குகிறோம். ஊர் பெருத்துவிட்டது, வேண்டியதுதான். அதற்காக வாசலுக்கு வரும் தண்ணீரைத் தொலைக்கலாமா?

மாவட்ட நிர்வாகம் பழைய புல வரைபடத்தை எடுக்கட்டும். காட்டு எல்லையிலிருந்து கண்மாய் மடைவரை ஒவ்வொரு வரத்துக்காலையும் அளந்து, புரட்டாசிக்குள் கல் நடட்டும். என் வேலியிலிருந்தே ஆரம்பித்தாலும் சரி.