பேனா பிடிக்கும் கைகள் எங்கே?

சமுதாயத்திற்கு அநீதி நேர்ந்தால் கூட்டம் போடுகிறோம், கோஷமிடுகிறோம், கலைந்து விடுகிறோம். எழுதி வைத்தோமா?

சீக்கிய எழுத்தாளர் குஷ்வந்த் சிங் (1915–2014) எழுதி வைத்தார். சீக்கியர் வரலாற்றை 1963லும் 1966லும் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். பிந்தரன்வாலேயின் தீவிரவாதத்தைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அதே மனிதர்தான், 1984 ஜூனில் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்ததும், 1974ல் பெற்ற பத்மபூஷண் விருதை அரசிடமே திருப்பிக் கொடுத்தார். அப்போது அவர் ராஜ்யசபாவின் நியமன உறுப்பினர். பதவி அவர் வாயைக் கட்டவில்லை! 2002ல் குஜராத்தில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டபோது, மறு ஆண்டே வகுப்புவெறியைச் சாடிப் புத்தகம் எழுதினார்.

தம்மவர் தவறையும் சொன்னவர் என்பதால், தம்மவருக்காக அவர் பேசிய பேச்சுக்கு மதிப்பிருந்தது.

மேலப்பாளையம் இளைஞர்களே! தறி ஓசையில் வளர்ந்த நம் ஊரின் கதையைப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். வழக்கென்றால் தேதி, எண், தீர்ப்பு ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். நம் குறையையும் மறைக்காதீர்கள்.

வியாபாரப் பெருமக்களே! பேரேட்டில் ஒரு பைசாவும் விடாமல் எழுதுகிறீர்கள். சமுதாயத்தின் கணக்கை எழுத முன்வருவோருக்கும் கைகொடுங்கள். எழுதாத கணக்கு எந்தச் சபையிலும் செல்லாது!