18 வயதில் ஓட்டு உண்டு. கல்லூரியில் பயிற்சி உண்டா?

(நமது பெங்களூர் நிருபர்)

18 வயது நிரம்பிய மாணவன் பாராளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். சட்டசபைக்கு உறுப்பினரை அனுப்பலாம். ஆனால் கர்நாடகத்தில் அவன் படிக்கும் கல்லூரியில், தன் வகுப்பின் குறையை எடுத்துச் சொல்ல ஒரு பிரதிநிதியை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெரும்பாலும் அவனுக்கு இல்லை. இந்த முரண்பாடு நேற்று முளைத்தது அல்ல. ஏறத்தாழ 35 ஆண்டுகளாக இருந்து வருகிறது.

1988 டிசம்பரில் பாராளுமன்றம் அரசியல் சட்டத்தின் 61-வது திருத்தத்தை நிறைவேற்றியது. 1989 மார்ச் 28-ந் தேதி அது அமலுக்கு வந்தது. ஓட்டுரிமை வயது 21-ல் இருந்து 18 ஆகக் குறைந்தது. அந்த ஆண்டு நவம்பரில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் கல்லூரி மாணவ-மாணவிகள் பெருந்தொகையாக முதல் முறை வரிசையில் நின்றார்கள்.

ஏறத்தாழ அதே காலத்தில்தான் கர்நாடகக் கல்லூரிகளில் மாணவர் சங்கத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அடிதடியும் கட்சிக்காரர்களின் தலையீடும் காரணமாகச் சொல்லப்பட்டன. நீச்சல் தெரியாதவனை ஆற்றில் இறக்கிவிட்டு, குளத்தில் பழகக் கூடாது என்று சொன்னது போல் ஆயிற்று.

2025-ம் ஆண்டின் கடைசியில், இந்தத் தேர்தல்களை மறுபடியும் நடத்தலாமா என்ற பேச்சு கர்நாடக ஆளும் கட்சியிலேயே எழுந்தது. ஆதரவும் எதிர்ப்பும் உடனே கிளம்பின. இதில் நமக்கு என்ன அக்கறை என்று வேலைக்காக வந்து குடியேறிய தமிழர்கள் ஒதுங்கிவிட முடியாது. கல்லூரிக்குப் போவது நம் பிள்ளைகளும்தான்.

வார்டிலும் இதே கதை

கல்லூரியை விட்டு வெளியே வந்தால் ஊரிலாவது ஓட்டுப் போடப் பழகலாமா? அதற்கும் பெங்களூரில் வழியில்லாமல் போயிற்று.

பெங்களூர் மாநகராட்சிக்கு 2015 ஆகஸ்டில் தேர்தல் நடந்தது. அந்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. பிறகு ஐந்து ஆண்டுகள் அதிகாரிகளின் நிர்வாகம். 2025 செப்டம்பரில் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டபோதும் மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் ஒருவர்கூட இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 2015-ல் 17 வயதாக இருந்த ஒரு பையனுக்கு 2025-ல் 27 வயது. படித்து முடித்து, வேலைக்குப் போய், சிலருக்குக் கல்யாணமும் ஆகியிருக்கும். தன் தெருச் சாக்கடைக்கும், குடிநீர்க் குழாய்க்கும், குப்பை வண்டிக்கும் பொறுப்பான கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க அவன் ஒரு முறைகூட ஓட்டுப் போட்டிருக்க மாட்டான்.

அப்படிப்பட்ட இளைஞர்களைப் பார்த்து, 'ஓட்டுச்சாவடிப் பக்கமே வருவதில்லை' என்று குறை கூறுகிறோம். 2024 பாராளுமன்றத் தேர்தலில் கர்நாடகம் முழுவதும் 70 சதவிகிதத்துக்கு மேல் ஓட்டுப் பதிவாயிற்று. பெங்களூர் தெற்குத் தொகுதியிலோ சுமார் 53 சதவிகிதம்தான். நாடு முழுவதும் 18, 19 வயதுள்ளவர்களில் சுமார் 1.8 கோடிப் பேரே அந்தத் தேர்தலுக்கு முன் பட்டியலில் இருந்தார்கள். அந்த வயதினரில் பத்துக்கு நான்கு பேர்கூட இல்லை என்று அப்போது கணக்கிடப்பட்டது.

இதை வெறும் அலட்சியம் என்று தள்ளிவிட முடியாது. ஓட்டுப் போடுவதும் பழக்கம்தான். பழக இடம் கொடுக்காமல் பழக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமா?

அசைப்பது வேறு, கட்டுவது வேறு

மாணவர்கள் ஒன்று திரண்டால் என்ன நடக்கும் என்பது தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இறங்கிய மாணவர்கள், இரண்டு ஆண்டு கழித்து வந்த தேர்தலில் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டார்கள். 1967-ல் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியது. விருதுநகரில் பெருந்தலைவர் காமராஜரைத் தோற்கடித்தவர், மாணவர் தலைவராக இருந்த பெ.சீனிவாசன். வித்தியாசம் 1,300 ஓட்டுக்குள்தான்.

குஜராத்தில் 1973 டிசம்பரில் நடந்ததும் நினைவில் வைக்க வேண்டியது. ஆமதாபாத் எல்.டி. பொறியியல் கல்லூரி விடுதியில் சாப்பாட்டுக் கட்டணத்தை உயர்த்தினார்கள். மாணவர்கள் கிளர்ந்தார்கள். அது மாநிலம் முழுவதும் பரவி 'நவநிர்மாண்' கிளர்ச்சியாயிற்று. 1974 பிப்ரவரி 9-ந் தேதி முதல்-மந்திரி சிமன்பாய் பட்டேல் ராஜினாமா செய்தார். மார்ச்சில் சட்டசபையும் கலைக்கப்பட்டது.

சாப்பாட்டுக் கட்டணத்தில் தொடங்கியது ஒரு மந்திரிசபையையே சாய்த்தது. ஆனால் அதே சிமன்பாய் பட்டேல் 1990-ல் மறுபடியும் முதல்-மந்திரியாக வந்து அமர்ந்தார். கிளர்ச்சி செய்த மாணவர்கள் படிப்பை முடித்துப் பல பக்கமும் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் கையில், தொடர்ந்து கணக்குக் கேட்கும் அமைப்பு எதுவும் நிலைக்கவில்லை.

மரத்தை அசைப்பது ஒரு வேலை. செடியை நட்டுத் தண்ணீர் ஊற்றுவது இன்னொரு வேலை. முதலாவதற்குக் கோபம் போதும். இரண்டாவதற்கு அமைப்பு வேண்டும்.

பெற்றோரின் பயம்

'படிக்க அனுப்பினோமா, கொடி பிடிக்க அனுப்பினோமா?' என்று நம் பெற்றோர்கள் கேட்கிறார்கள். ஓவர்டைம் பார்த்துக் கல்லூரிக் கட்டணம் கட்டும் தகப்பனார் இப்படிக் கேட்பதில் தவறு இல்லை. பெங்களூர்த் தமிழர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தைப் பார்த்த தலைமுறை, 'வந்த இடத்தில் வாயைத் திறக்காதே' என்று பிள்ளைகளுக்குச் சொல்லியே வளர்த்தது.

இந்தப் பயங்களில் முதலாவதற்கு விடை தேடத்தான் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுப்படி, முன்னாள் தலைமைத் தேர்தல் கமிஷனர் ஜே.எம்.லிங்டோ தலைமையில் ஒரு கமிட்டி அமைந்தது. 2006-ல் அது கொடுத்த சிபாரிசுகளை அமல்படுத்தும்படி அந்த ஆண்டு செப்டம்பரில் கோர்ட்டு உத்தரவிட்டது.

அதன் விதிகளைப் பாருங்கள். பட்டப் படிப்பு மாணவர் வேட்பாளராக நிற்க வயது 17 முதல் 22 வரை. வகுப்புக்கு 75 சதவிகித வருகை வேண்டும். பாக்கிப் பாடம் இருக்கக் கூடாது. குற்ற வழக்கில் தண்டனை பெற்றிருக்கக் கூடாது. செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அச்சிட்ட சுவரொட்டி கூடாது. முழுத் தேர்தலும் 10 நாளில் முடிய வேண்டும். நிர்வாகி பதவிக்கு ஒருவர் ஒரே ஒரு முறைதான் போட்டியிடலாம்.

கடைசி விதி முக்கியமானது. ஆண்டுக் கணக்கில் கல்லூரியிலேயே தங்கி, சங்கத்தையே தொழிலாகச் செய்யும் 'நிரந்தர மாணவர்களை' அது வெளியேற்றுகிறது.

விதி இருந்தால் போதுமா? போதாது. 2024 செப்டம்பரில் டெல்லிப் பல்கலைக் கழக மாணவர் தேர்தல் நடந்தது. சுவரெல்லாம் போஸ்டரும் பெயிண்டுமாகக் கிடந்தன. சுத்தம் செய்யும் வரை ஓட்டு எண்ணக் கூடாது என்று டெல்லி ஐகோர்ட்டு நிறுத்தி வைத்தது. நவம்பர் 25-ந் தேதிதான் எண்ணிக்கை நடந்தது. ஆனால் அதற்காகத் தேர்தலையே ஒழித்துவிடவில்லை. அழுக்கு செய்தவர்களையே துடைக்க வைத்தார்கள். அதுவும் ஒரு படிப்புதான். கால் தடுக்கிய பிள்ளையை நடக்கவே விடாமல் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வது தீர்வாகாது.

ஒரு நாள் விழாவும் ஆண்டு முழு வேலையும்

சங்கத் தேர்தல் வரும் வரை மாணவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. வாசல் ஏற்கனவே திறந்திருக்கிறது.

2011 முதல் ஜனவரி 25-ந் தேதி தேசிய வாக்காளர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 2018 முதல் கல்லூரிகளில் வாக்காளர் கல்வி மன்றங்களை அமைக்கத் தேர்தல் கமிஷன் ஏற்பாடு செய்தது. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பரிலேயே தொடங்கியது. அதில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும்.

ஆனால் ஜனவரி 25-ல் உறுதிமொழி எடுத்து, படம் பிடித்துக்கொண்டு கலைந்து போனால் ஒரு பெயர்கூடப் பட்டியலில் ஏறாது. விண்ணப்பம் கொடுப்பதோடும் வேலை முடிவதில்லை. வாக்குச்சாவடி அலுவலர் விசாரிக்க வருவார். வாடகை வீடு பூட்டியிருக்கும். விடுதி மாணவர் விடுமுறைக்கு ஊர் போயிருப்பார். விண்ணப்பம் தள்ளுபடியாகும். ஏன் என்று கேட்க ஆள் இருக்காது.

இங்கேதான் மாணவர் அமைப்பு தேவைப்படுகிறது. வகுப்புக்கு இரண்டு பேர் போதும். யாருக்கு 18 ஆகிறது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுக்க வேண்டும். பெயர் ஏறியதா என்று மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். இதற்குக் கொடியும் வேண்டாம், கோஷமும் வேண்டாம்.

சட்டமும் இப்போது வசதியாக இருக்கிறது. முன்பு ஜனவரி 1-ந் தேதி ஒன்றுதான் கணக்கு. ஜனவரி 2-ல் 18 நிரம்பினால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். 2022 ஆகஸ்டு முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தேதிகள் உண்டு. 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். விடுதியில் தங்கிப் படிப்பவர்கள், கல்லூரி முதல்வரின் சான்றுடன் விடுதி முகவரியிலேயே பதியலாம். சொந்த வீட்டு முகவரியே வேண்டும் என்றால் அங்கும் வைத்துக்கொள்ளலாம். இரண்டில் ஒன்றுதான்.

இங்கா, ஊரிலா?

'இரண்டில் ஒன்று' என்பது நம்மவர்கள் பலர் ஒத்திப்போட்டுக்கொண்டே வரும் கேள்வி.

2024-ல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-ந் தேதி ஓட்டுப்பதிவு. பெங்களூரில் ஏப்ரல் 26. அந்த முதல் தேதிக்கு முன், ஊருக்குப் போகும் ரெயில்களில் இடம் கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்பது டிக்கெட் கவுண்ட்டரில் உட்காரும் எங்களைப் போன்றவர்களுக்குத் தெரியும். இருபது ஆண்டாகப் பெங்களூரில் வாழ்பவருக்கும் ஓட்டு ஊரில்தான் இருக்கிறது. அந்தப் பாசம் மதிக்கத்தக்கது. ஆனால் தண்ணீர் வராதது இங்கே. பிள்ளை படிப்பது இங்கே. ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்பதும் இங்கேதான்.

1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தெளிவாக இருக்கிறது. வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் ஓட்டு. ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பதாலேயே ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார். இரண்டு இடத்தில் பெயர் இருக்கக் கூடாது. பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. முகவரி மாறியவர்கள் படிவம் 8 கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். ஊரில் பெயரை எடுத்தால் நிலம் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பட்டாவுக்கும் வீட்டுப் பத்திரத்துக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் சம்பந்தமே இல்லை. விவரம் வேண்டுவோர் 1950 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம்.

அப்பாவின் பெயர் ஊரில், பிள்ளையின் பெயர் எங்குமே இல்லை என்றால், அந்தக் குடும்பம் வாழும் தெருவுக்காகப் பேச ஆள் கிடையாது. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் சிவாஜி நகரிலும் நெருக்கி அடித்து வாழும் நம் குடும்பங்களை ஒரு வேட்பாளர் தேடி வருவது, பட்டியலில் நம் பெயர் இருந்தால்தான்.

இந்த வேலையை ஆரம்பிக்க நம் கல்லூரிப் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. அவர்களுக்குத் தமிழும் தெரியும், கன்னடமும் தெரியும். படிவம் நிரப்பத் தெரியும். பக்கத்து வீட்டுக் கன்னட நண்பனையும் சேர்த்துக்கொண்டு ஒரே தெருவின் பட்டியலைச் சரிபார்த்தால், அதில் எந்த மொழிச் சண்டையும் வராது. சாக்கடை அடைத்தால் இரண்டு வீட்டுக்கும்தான் நாற்றம்.

மாணவர் தேர்தலை மீண்டும் நடத்துவது அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. லிங்டோ விதிகளைக் கண்டிப்பாக அமல்படுத்தி அதை நடத்துவதே நல்லது. பிள்ளையின் பெயரைப் பட்டியலில் ஏற்றுவது நம் கையில் இருக்கிறது. 'வாயைத் திறக்காதே' என்று சொல்லி வளர்த்த பெற்றோர்கள், 'பெயரைப் பதிந்துவிட்டாயா?' என்று இன்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.