ஊர்ப்பெயர் கொடைக்கு விலையா?

இராதாபுரத்தினின்று வடக்கே வள்ளியூர், ஏர்வாடி கடந்து களக்காட்டு மலையடி நோக்கிச் செல்வோர் ‘டோனாவூர்’ என்னும் ஊரைக் காண்பர். இஃது எம்மொழிச் சொல்? டகரம் தமிழில் மொழிமுதல் வாராது என்பது தொல்காப்பிய நெறி. தலை அயல், வால் மட்டுமே தமிழ்!

1827-இல் செருமானியக் கிறித்தவத் தொண்டர் இரேனியசு, பிரசிய நாட்டுக் கோமகன் டோனா ஈந்த பொருளால் இங்கு நிலம் வாங்கினார். புலியூர்க்குறிச்சி அன்றே டோனாவூர் ஆயிற்று. இரேனியசு தமிழ் கற்றுத் தமிழுக்கு இலக்கணமும் எழுதியவர். அவர் தொண்டை நாம் பழிக்கவில்லை. ஈந்தவரைப் போற்றுவோம், ஆனால் அவ்வீகைக்கு ஊரின் பெயரையே விலையாகக் கொடுப்பதா?

அந்த டோனாதான் யாது? செருமனியின் சாக்சனிப் பகுதியில், திரெசுடன் அருகேயுள்ள ஊர் அது. அதன் பழம்பெயர் ‘தோனின்’. சிலாவிய இனத்துச் சொர்பியர் மொழியில் இன்றும் அதுவே பெயர். செருமன் மொழி மேலோங்கியபோது தோனின் டோனாவாகியது. ஆக, ஒரு சிறுபான்மை மொழியை அமுக்கி எழுந்த பெயரே கடல் கடந்து வந்து நம் ஊரையும் அமுக்கியது! அவ்வூர்க் கோட்டையைக் கோமகனின் முன்னோர் 1402-இல் இழந்தனர், பெயரை இழக்கவில்லை. நாமோ மண்ணை வைத்துக்கொண்டு பெயரை இழந்தோம்.

கோமகனின் சுலோதியன் ஊர், இரண்டாம் உலகப்போருக்குப் பின் போலந்துக்கு உரியதாயிற்று. போலந்தியர் உடனே அதற்குத் தம்மொழிப் பெயரிட்டனர். நாம் இருநூறு ஆண்டை நெருங்கியும் வாளா இருக்கிறோம்!

புலி, ஊர், குறிச்சி: மூன்றும் தமிழ். குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்து ஊர். அம்மலைப்பகுதியே 1988-இல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகமாயிற்று. நிலம் அறிந்தவன் இட்ட பெயர் அது! குமரி மாவட்டத்தில் தக்கலை அருகே அதே பெயர் இன்றும் வழங்குகிறது.

அயலாரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. இராதாபுரத்தாரே, உங்கள் ஊர்க்கோயில் வரகுணபாண்டியன் பெயரைத் தாங்குகிறது; ஊர்ப்பெயரின் தலையிலோ வடசொல் அமர்ந்திருக்கிறது. செருமன் சொல்லை மறுப்பவன் வடசொல்லுக்கு மட்டும் வாயில் திறப்பது முறையாகுமா?

கொடைஞர் பெயர் கோயிற் கல்வெட்டில் நிலைக்கட்டும். ஊர்ப்பலகையில் புலியூர்க்குறிச்சி மீளட்டும். தமிழிளைஞரே! நும் ஊர்க் குளம், வயல், ஓடை, மேடு ஆகியவற்றுக்கு முதியோர் வழங்கும் பெயர்களை இன்றே எழுதி வையுங்கள். அவர்கள் வாயோடு அப்பெயர்களும் மறைந்தால் மீட்பதற்கு எதுவும் எஞ்சாது!