பயிலுநரின் மாலைப்பொழுது

படித்துக்கொண்டிருக்கும்போதே தொழிலையும் பழகிக்கொள்ள வேண்டும் என்ற கருத்து, 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு தேசமெங்கும் புதிய உபதேசம்போல் ஒலித்து வந்தாலும், மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வசிப்பவர்களுக்கு அது புதிதன்று. 1949 ஜூலை 1-ஆம் தேதி இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் ஸ்தாபிக்கப்பட்ட காலத்திலிருந்தே, இவ்விரு பேட்டைகளின் ஆடிட்டர் ஆபீஸ்களில், காலையில் கல்லூரிக்கும் பகலில் கணக்குப் புத்தகங்களுக்கும் இரவில் பாடப் புத்தகங்களுக்கும் தம்மை ஒப்புக்கொடுத்த இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டே இருக்கிறார்கள். இன்று அவர்களில் யுவதிகளும் பெருந்தொகையினர். ‘ஆர்ட்டிகிள்ஷிப்’ என்று அவர்கள் சொல்லும் இந்தப் பயிற்சியைப்போல் வேலையையும் படிப்பையும் இறுகப் பிணைத்த ஏற்பாடு நம் நகரத்தில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பிணைப்பை 2023-ஆம் ஆண்டில் கழகமே சற்றுத் தளர்த்தியது. மூன்று ஆண்டுகளாக இருந்த பயிற்சி இரண்டு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. பயிற்சியின் கடைசி ஆறு மாதங்களிலேயே இறுதித் தேர்வை எழுதலாம் என்றிருந்த பழைய வழக்கம் போய், பயிற்சியை முடித்தபின் ஆறு மாத காலம் படிப்புக்கென்றே ஒதுக்கப்பட்டது. பகலெல்லாம் வவுச்சர் சரிபார்த்துவிட்டு, நடுநிசியில் கண் எரிய எரிய நேர்முக வரியும் மறைமுக வரியும் படித்த தலைமுறையினர், இந்தச் சீர்திருத்தம் தங்கள் காலத்தில் வரவில்லையே என்று ஏங்கியிருப்பார்கள். அதை நானும் மனப்பூர்வமாக வரவேற்கிறேன்.

ஆயினும் அதே திட்டத்தில் விடுமுறையின் கணக்கும் மாறிற்று என்பதைப் பலர் கவனிக்கவில்லை. மூன்று ஆண்டுப் பயிற்சியில் 156 நாட்கள் விடுப்பு எடுக்க முன்பு இடமிருந்தது. பெரும்பாலோர் அதைச் சேர்த்து வைத்துத் தேர்வுக்கு முன் படிப்பதற்கே செலவிட்டார்கள். இப்பொழுது ஆண்டுக்கு 12 நாட்கள்தாம். காய்ச்சலும், அக்காளின் கல்யாணமும், சொந்த ஊர்த் திருவிழாவும், தாத்தாவின் சஷ்டியப்த பூர்த்தியும் அந்தப் பன்னிரண்டுக்குள் அடங்க வேண்டும். படிப்புக்கு ஆறு மாதம் கொடுத்தாயிற்று என்பதால் நாட்களைக் குறைத்தது நியாயமாகவே தோன்றலாம். ஆனால் பயிற்சிக் காலத்திலும் சுயமாகக் கற்றுத் தேற வேண்டிய பாடத்தொகுதிகள் இருக்கின்றன. பட்டப்படிப்பை அஞ்சல் வழியிலோ மாலைக் கல்லூரியிலோ தொடர்பவர்களுக்கு அதன் பரீட்சைகளும் இருக்கின்றன. ஆகவே அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு பயிலுநர் தம்முடையது என்று சொல்லிக்கொள்ளக் கூடியது வார நாட்களின் மாலைப்பொழுதும் ஞாயிற்றுக்கிழமையுமே.

அந்த மாலைப்பொழுதுதான் முதலில் பறிபோகிறது. வாரத்துக்கு 35 மணி நேரம் என்று கழகம் குறித்திருக்கும் அளவு பல அலுவலகங்களில் தொடக்கமாக மட்டுமே கொள்ளப்படுகிறது. வரித் தணிக்கை அறிக்கைக்கு நெடுங்காலமாகக் கடைசி நாளாக இருந்துவரும் செப்டம்பர் 30 நெருங்கும்போது இரவு பத்து மணி வரை விளக்கு எரிவதை யாரும் குறை சொல்ல முடியாது. அந்த நெருக்கடியும் தொழிலின் ஒரு பாடமே. மே மாதத்திலும் நவம்பரிலும், செய்வதற்கு அவசர காரியம் எதுவுமில்லாத நாட்களிலும், அலுவலகத்துப் பெரியவரான ஆடிட்டர் புறப்படும் முன் தாம் புறப்படுவது மரியாதையன்று என்ற எண்ணத்தால் பயிலுநர்கள் நாற்காலியிலேயே தங்கியிருப்பதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். பிறகு லஸ்ஸிலும் பனகல் பூங்காவைச் சுற்றியும் சில ஆண்டுகளாக நடந்துவரும் மெட்ரோ ரயில் வேலைகளால் நீண்டுபோன பிரயாணத்தை முடித்து, வேளச்சேரிக்கோ தாம்பரத்துக்கோ போய்ச் சேர்ந்தால், உண்டு உறங்குவதைத் தவிர மிச்சம் ஒன்றுமில்லை.

பங்குனி மாதத்தை நினைத்துப் பாருங்கள். கபாலீசுவரர் கோயிலில் கொடியேறித் தேர் நகர்ந்து, அறுபத்துமூவர் மாடவீதிகளில் எழுந்தருளும் அந்த நாட்களிலேயே, மார்ச் 31-ஆம் தேதி சரக்கு இருப்பை எண்ணுவதற்குக் கிடங்குகளுக்கும், ஏப்ரல் பிறந்தவுடன் வங்கிக் கிளைத் தணிக்கைக்கு வெளியூர்களுக்கும் பயிலுநர்கள் அனுப்பப்படுகிறார்கள். அந்த வேலை ஒத்திப்போட முடியாதது. அப்படியானால் இழந்த மாலைகளை ஏப்ரல் கடைசியில் திருப்பிக் கொடுப்பது கைம்மாறு என்ற அளவிலாவது செய்யத் தக்கது. மார்கழியிலும், மியூசிக் அகாதெமிக்கும் கிருஷ்ண கான சபைக்கும் வாணி மஹாலுக்கும் கூப்பிடு தூரத்தில் வேலை செய்கிற ஒரு பெண், ஒரு சீசன் முழுவதிலும் ஒரு கச்சேரியைக்கூட முழுமையாகக் கேட்க முடியாமல் போவதை இந்த ஊர் எளிதாக எடுத்துக்கொள்ளலாகாது.

பொழுதுபோக்கு வெறும் சோம்பல் என்று நினைப்பவர்களுக்கு மயிலாப்பூரின் சரித்திரமே விடை சொல்லும். வி. கிருஷ்ணசாமி ஐயரைக் காட்டிலும் ஓய்வில்லாத வக்கீல் அந்நாளைய சென்னையில் அபூர்வம். எனினும் 1906-இல் இங்கே சமஸ்கிருதக் கல்லூரி தோன்றியதும், அதே ஆண்டில் ஆர்பத்நாட் கம்பெனி வீழ்ந்து பலர் பணத்தை இழந்து தவித்தபோது, மறு ஆண்டே இந்தியன் வங்கி உருவானதும், அரசியலில் தமக்கு நேர்மாறான பாரதியின் பாடல்களை அவர் அச்சிட்டு வழங்கியதும், கோர்ட்டுக் கட்டுகளை மூடிவைத்த பிறகு அவருக்குக் கிடைத்த பொழுதினாலேதான். கட்சிக்காரரின் காரியத்துக்கு அப்பால் சிந்திக்க ஒரு மனிதனுக்கு அவகாசம் இருந்ததால் ஊருக்கு விளைந்த நன்மை அது. வாலிபத்தில் இசையையோ, விளையாட்டையோ, நண்பர்களுடன் பெசன்ட் நகர்க் கடற்கரையில் விவாதிப்பதையோ அறியாமல் முப்பது வயதை எட்டுகிற ஒருவர், நல்ல கணக்காளராக இருக்கக் கூடும். அவரிடமிருந்து அத்தகைய பொதுக் காரியத்தை எதிர்பார்ப்பது கடினம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏழு மணிக்கு வீடு திரும்பிய பிள்ளை பேட்மிண்டன் மட்டையை எடுத்தால், “இன்னும் பரீட்சை பாக்கி இருக்கே” என்று நினைவூட்டுவது நம் குடும்பங்களில் அன்பின் வடிவமாகவே இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு அது ஒருகணமும் மறந்ததில்லை. கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே உள்ள பகுதியில் ஞாயிறுதோறும் எத்தனை இளைஞர்கள் குனிந்த தலை நிமிராமல் அமர்ந்திருக்கிறார்கள் என்று ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஆடிட்டர்களுள் பெரும்பாலோர் இதே மாடிப்படிகளில் ஏறி இறங்கிப் பயின்றவர்கள். அவர்களுடைய விவேகத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. நெருக்கடி இல்லாத மாதங்களில், மாலை ஆறு மணி ஆனதும் பெரியவரே எழுந்து வந்து, “கிளம்புங்கள், மிச்சத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தாமாக எழுந்து செல்லும் துணிவு இருபது வயதுப் பயிலுநருக்கு வராது. ஆகையால் இதை அவர்களிடமே வேண்டிக்கொள்கிறேன்.