முதலில் சாவியை வாங்குங்கள்

எம்பிலிப்பிட்டியவிலிருந்து விடியற்காலையில் கொழும்பு பஸ்ஸில் ஏறும் நாம் சாரதியின் முகத்தைப் பார்ப்பதில்லை. ஜன்னலோர இருக்கை கிடைக்குமா என்றுதான் பார்ப்போம். என் சாச்சாவுக்கு அந்தச் சம்பவம் நடக்கும்வரை நானும் அப்படித்தான்.

சாச்சா தனியார் பஸ் சாரதி, நீரிழிவு நோயாளி. ஒரு நாள் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமலே புறப்பட்டிருக்கிறார். பெல்மதுளையைத் தாண்டும்போது உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. எப்படியோ பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டார். "குடு அடித்துவிட்டு ஓட்டுகிறான்" என்று ஒருவர் சத்தமிட, இன்னொருவர் தொலைபேசியில் படமெடுத்தார். இரத்தத்தில் சீனி குறைந்தாலும் இப்படி வரும் என்பது நடத்துநருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அவர் ஓடிப்போய் வாங்கி வந்த, சீனி கூடப் போட்ட பிளேன்டீதான் சாச்சாவை நிமிர்த்தியது.

போதைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது ஹராம்; அதில் பேச்சுக்கே இடமில்லை. 5 கிராமோ அதற்கு மேலோ ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனை வரை விதிக்க 2022இல் சட்டமும் திருத்தப்பட்டது. ஆனால் புறப்பட நிற்கும் பஸ்ஸின் சாரதி தள்ளாடினால் அந்த நிமிடம் என்ன செய்வது?

பொலிஸார் ஊதச் சொல்லும் கருவி மதுவை மட்டுமே காட்டும். ஐஸையோ கஞ்சாவையோ காட்டாது. சிறுநீர்ப் பரிசோதனை பல நாட்களுக்கு முன் பாவித்த கஞ்சாவையும் காட்டும். ஆனால் அவர் இப்போது தெளிவாக இருக்கிறாரா என்று சொல்லாது. தடிமனுக்குப் போடும் சில மாத்திரைகளும் தூக்கத்தைக் கொண்டுவரும். ஆகவே காரணம் எதுவானாலும் முதலில் சாவியை வாங்கி, ஆளை உட்காரவைத்து, வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். விசாரணை பிறகு.

இதற்குப் பஸ் முதலாளிமார் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். பஸ் ஓடினால்தான் அன்றைய சம்பளம் என்றிருக்கும்போது, "இன்று எனக்கு முடியாது" என்று எந்தச் சாரதி சொல்வார்? தூக்கத்தை விரட்ட ஐஸ் தேடுகிறவர்களும் இந்த அவசரத்தில்தான் உருவாகிறார்கள். இறக்கிவிடப்பட்டவருக்கு, உண்மை தெரியும்வரையாவது நாட்சம்பளத்தைக் கொடுங்கள். போதைதான் காரணம் என்று தெரிந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பிக் கொடுக்கவே கூடாது. ஆனால் தெருவிலும் விடாதீர்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கம் இருக்கிறது. அவர்களுடைய சிகிச்சை நிலையம் காலியிலும் உண்டு.

சாச்சா இப்போது சட்டைப்பையில் டொஃபி வைத்திருக்கிறார். அந்தப் படம் மட்டும் இன்னும் யாருடைய தொலைபேசியிலோ இருக்கிறது.